சாய்வெழுத்தில் ஒரு மன்னிப்பு

அந்தச் சலவை ஆலையில் எல்லோரும் அவளை அட்டைக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டல் அறைகளில் தலையணைமேல் வைக்கிற அட்டை, துண்டுகளைச் சுற்றிவரும் காகிதப் பட்டை, வண்டிகளின் பக்கவாட்டில் இருக்கும் பெயர் எல்லாவற்றையும் வடிவமைத்தது அவள்தான். "ரத்தம் குடிக்கிறதுக்கும் அட்டைன்னுதான் பேரு, தெரியும்ல?" என்று அவள் கணவன் கேலி செய்வான். அவளுக்குக் கோபம் வராது. செய்கிற வேலைமேல் அவ்வளவு பெருமை அவளுக்கு.

அந்தப் பெருமைக்குப் பெரிய காரணம் ஓர் எழுத்து. முந்தைய ஆண்டு முதலாளி அவளை அழைத்து, "எங்கப்பா காலத்து வெளுப்புக்கடை மாதிரியே இருக்கோம். பெரிய ஓட்டல்காரன் நம்ம அட்டையைத் தொட்டா அவனுக்கே ஒரு மரியாதை வரணும்" என்றார். அவள் பல வாரங்கள் தேடி ஒரு சாய்வெழுத்தைக் கண்டுபிடித்தாள். அதன் கோடுகள் கீழே இறங்கும்போது தடித்து, வளையும்போது மயிரிழையாக மெலிந்தன. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம். உகரத்தின் வால் பக்கத்து எழுத்தின் அடியில் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்திப் பேசுவதுபோல இருந்தது. 'இனிய உறக்கம்' என்ற இரண்டு சொற்களை அதில் அடுக்கி வெண்ணெய் நிறத் தாளில் அச்செடுத்துப் பார்த்தபோது, தன் வேலையைப் பார்த்துத் தானே சொக்கிப்போனாள்.

அது எதற்கான எழுத்து என்பதும் அவளுக்குத் தெரியும். அழைப்பிதழ், வாசனைத் தைலக் குப்பி, கவிதையின் தலைப்பு, நீளமான பத்தியின் நடுவே கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டிய ஒற்றைச் சொல். அவசரமில்லாதவர்கள் கையில் வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்து அது. ஆனால் முதலாளிக்கு அது பிடித்துப்போன வேகத்தில், "இனிமே நம்ம ஆலையில எங்க திரும்பினாலும் இந்த எழுத்துதான் கண்ணுல படணும்" என்று சொல்லிவிட்டார். எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது சார் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்ததா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை. தான் தேர்ந்தெடுத்ததை ஒருவர் இவ்வளவு கொண்டாடுகிற சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அப்படியே சாப்பாட்டு அறை, கிடங்கு, கழிப்பறை அறிவிப்புகளும் சாய்ந்தன. 'தண்ணீர் ஊற்றவும்' என்பதைக்கூட அந்த எழுத்து அவ்வளவு குழைவாகச் சொன்னது. "உள்ள போனா ஏதோ விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்குப்பா, வெளிய வரவே மனசில்ல" என்று வண்டி ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கடைசியில் இயந்திரங்களின் பொத்தான்களுக்கு மேலே ஒட்டுகிற தகடுகளும் அவளிடம் வந்தன. பழையவை மஞ்சள் வில்லைகள், தடித்த கறுப்பு எழுத்து, ஓரமெல்லாம் பிய்ந்து அழுக்கேறிக் கிடந்தன. பொறியாளர் அனுப்பிய சொற்களைக் கணினியில் அடித்து, வெள்ளித் தகட்டில் சாம்பல் நிறச் சாய்வெழுத்தாக அமைத்து அனுப்பினாள். அரை நாள் வேலை. ஒட்டிய பிறகு கீழே போய்ப் பார்க்கவில்லை. கீழ்த்தளத்தில் ஆவியும் இரைச்சலும் அதிகம். அவளுடைய அறை மாடியில், குளிரூட்டிக்குப் பக்கத்தில்.

விபத்து நடந்தது ஒரு திங்கட்கிழமை. விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை இயந்திரத்தில் ஒரு முனையில் ஈரத் துணியை ஊட்டுகிறவள் சின்னக்கா. குட்டையாக இருந்ததால் வந்த பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மறுமுனையில் சூடாக வெளியே வருகிற துணியை வாங்கி மடிக்கிறவள் நெட்டை. இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தால், "பதினொண்ணு வருது பாரு" என்று வாயிற்காவலர் சொல்வார். அது எப்படிப் பதினொன்று ஆகும், ஒண்ணு சின்னதாச்சே என்று சின்னக்கா திருப்பிக் கேட்பாள். அன்றைக்கு ஒரு விரிப்பின் ஓரம் பிரிந்து சின்னக்காவின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. உருளை கையை உள்ளே இழுத்தது. நெட்டை ஓடிவந்து பொத்தானை அழுத்தினாள். உருளை நிற்கவில்லை, இன்னும் முன்னால் நகர்ந்தது. யாரோ மின்சாரத்தையே அணைத்த பிறகுதான் கையை வெளியே எடுக்க முடிந்தது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றவை பிழைக்குமா என்று பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

மாடிக்குச் செய்தி துண்டு துண்டாக வந்தது. "நெட்டைதான் பொத்தானை மாத்தி அழுத்திட்டாளாம்" என்றார் கணக்கர். "நிறுத்துன்னு எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியாதா ஒருத்திக்கு?" அட்டைக்கா, "ஐயோ பாவம்" என்றாள். மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். பிறகு கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் மேலாளர் ஒரு வாசகத்தைக் கொண்டுவந்தார். சின்னக்காவின் குடும்பத்துக்கு நிறுவனம் தருகிற வருத்தக் கடிதம். "நம்ம எழுத்துலயே போடுங்க, நல்ல தாள்ல. நீங்களும் கூட வந்தா நல்லாருக்கும். பொம்பளை ஒருத்தர் இருந்தா அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார். அவள் ஒரு பகல் முழுதும் அதில் செலவிட்டாள். மன்னிப்பு கேட்க இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடையாது என்று அவளுக்குப் பட்டது. ஏற்கெனவே தலைகுனிந்து நிற்கிற எழுத்தல்லவா! 'ஆழ்ந்த' என்ற சொல்லில் ழகரத்தின் வால் பக்கத்து எழுத்தைத் தொடாதபடி நகர்த்தினாள். வரிகளுக்கு இடையே காற்றோட்டமாக இடம் விட்டாள். முதலாளி அச்செடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதாங்க தரம்" என்றார்.

சின்னக்காவின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. முன்னறையில் பாதியை அவள் கணவரின் தையல் இயந்திரம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பிரித்துப்போட்ட கால்சட்டைகளை ஒதுக்கி நாற்காலி போட்டார். அவருடைய அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேலாளர் நீட்டிய உறையை அந்த அம்மாதான் வாங்கினாள். பிரித்துப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யாருக்கும்மா கல்யாணம்?"

மேலாளர் இருமினார். தையற்காரர், "அம்மா, அதை இப்படிக் குடு" என்று வாங்கிப் படித்துப் பார்க்க முயன்றார், கண்களைச் சுருக்கினார், பிறகு உள்ளறைக்கு எடுத்துப்போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த சின்னக்காவின் வலது கை தோள்வரை கட்டுப்போட்டுத் தலையணைமேல் இருந்தது. அவள் தாளை இடது கையில் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள்.

"எனக்கு இதெல்லாம் ஓடாது. நீயே படிச்சிடேன், அட்டைக்கா."

அட்டைக்கா படித்தாள். "ஊழியர்களின் கவனக்குறைவால் நேர்ந்த இத்துயரச் சம்பவத்துக்கு நிறுவனம் தன் ஆழ்ந்த..."

அங்கே அவள் குரல் நின்றது. ஒரு பகல் முழுதும் இந்தத் தாளைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரு வரியைக்கூடப் படித்திருக்கவில்லை. அழகாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாளே தவிர, என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

"அப்ப தப்பு இவ பேர்லயா?" தையற்காரர் மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்படியில்லீங்க, பொதுவா போடற வாசகம் அது..." என்று மேலாளர் ஆரம்பித்தார்.

சின்னக்கா குறுக்கிட்டாள். "ஊழியர்கள்னா? நெட்டையையும் சேத்தா சொல்றீங்க? அவ என்ன பண்ணுவா? அவ இங்க வரவே மாட்டேங்கறா. அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊரெல்லாம் பேசறாங்களாம். பத்தாவது வரைக்கும் படிச்ச பொண்ணு அது. எனக்கே அந்தப் பொத்தான் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். புதுசா ஒரு தகடு ஒட்டினாங்கல்ல, அதுக்கப்புறம் நான் படிக்கறதையே விட்டுட்டேன். இடப்பக்கம் நிறுத்து, வலப்பக்கம் நகர்த்துன்னு கைதான் ஞாபகம் வெச்சிருந்துச்சு. அவ நிக்கறது எதிர்ப்பக்கம். அவளுக்கு அது எப்படித் தெரியும்?"

தகட்டைச் செய்தது யார் என்று சின்னக்காவுக்குத் தெரியாது. அவள் அட்டைக்காவின் முகத்தைப் பார்த்துத்தான், ஆதரவாக ஒரு தலையசைப்பை எதிர்பார்த்துத்தான் இதைச் சொன்னாள். அட்டைக்கா தலையசைத்தாள். அதைவிடக் கேவலமான ஒன்றை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் தலை தானாக அசைந்தது. அந்த அம்மா கொண்டுவந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள்.

காரில் மேலாளர், "இதுக்குத்தான் தபால்ல அனுப்பிடலாம்னு சொன்னேன், முதலாளி கேக்கல" என்றார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கீழ்த்தளத்துக்குப் போனாள். நெட்டை நின்றிருந்த இடத்தில் வேறொரு பெண் மடித்துக்கொண்டிருந்தாள். அட்டைக்கா அவளைத் தாண்டி, சின்னக்கா துணி ஊட்டுகிற முனையில் நின்று பொத்தான்களைப் பார்த்தாள். ஒரே அளவில், ஒரே கறுப்பில் இரண்டு பொத்தான்கள். மேலே வெள்ளித் தகடு. ஆவி ஒவ்வொரு முறை எழும்போதும் மெல்லிய கோடுகள் முதலில் காணாமல் போயின, புள்ளிகள் கரைந்தன. தடித்த கோடுகள் மட்டும் சாய்ந்து சாய்ந்து நின்றன. நிறுத்து, நகர்த்து. இரண்டுக்கும் முதலில் நகரம், கடைசியில் ஒரே 'த்து', அதன்கீழ் ஒரே மாதிரி சுற்றிப் படர்ந்த வால். எது எது என்று, அதைச் செய்தவளாலேயே சொல்ல முடியவில்லை. முந்தானையால் தகட்டைத் துடைத்துப் பார்த்தாள். தகட்டுக்கு மேலே யாரோ பழுப்பு அட்டையைக் கிழித்து, தடித்த பேனாவால் கோணல்மாணலாக 'நிறுத்து' என்று எழுதி, அம்புக்குறி போட்டு ஒட்டியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ஒட்டியிருக்க வேண்டும்.

"என்னக்கா, அழகு பாக்கறீங்களா?" என்று மடிக்கிற பெண் இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டாள். கேலியா, சாதாரணமாகக் கேட்டதா என்று தெரியவில்லை. அட்டைக்கா நேராக மாடியேறி முதலாளியின் அறைக்குப் போனாள்.

முதலாளி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையைத் தடவினார். "மாத்திடுங்க. இன்னிக்கே மாத்திடுங்க. பெரிசா, தடிப்பா, மஞ்சள்ல. ஆனா சத்தமில்லாம மாத்துங்க. பொத்தானை அழுத்தினது அந்தப் பொண்ணு. நீங்களா எதுக்கு நடுவுல தலையைக் குடுக்கறீங்க? தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டா பாத்துக்கலாம்." பிறகு, கோபமே இல்லாமல், "எல்லா இடத்துக்கும் வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே" என்றார். கேட்டிருப்பார் என்பது அவளுக்கும் தெரியும்.

மஞ்சள் வில்லைகள் அன்று மாலைக்குள் ஒட்டப்பட்டன. சத்தமில்லாமல்தான். தன் பங்கு முடிந்துவிட்டது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள். சாப்பாட்டு அறையில் யாராவது நெட்டையின் பேரை எடுத்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கேலி செய்வான், கொஞ்சம் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தாள். அவன் கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"இது அந்த நெட்டைக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

நெட்டை வேலையை விட்டுவிட்டு, கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் விற்கிற ஒரு கடையில் இருந்தாள். வாளிகளுக்கு நடுவே அட்டைக்காவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. "கையெழுத்து வாங்க வந்தீங்களா? தப்பு என்னுதுதான்னு ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டேனே."

"இல்ல. அந்தத் தகட்டைப் பத்திப் பேச வந்தேன். அதை எழுதினது நான்தான்."

நெட்டைக்கு முதலில் புரியவில்லை. அட்டைக்கா மறுபடி சொன்னாள். கீழே போய் நின்று பார்த்ததை, தன்னாலேயே படிக்க முடியாததை, சின்னக்கா வீட்டுக்குப் போய்வந்ததை, அந்த எழுத்து பொத்தான்மேல் இருக்கக்கூடாது என்று தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதை, ஒன்றுவிடாமல் சொன்னாள். நெட்டை ஒரு வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பஸ்ஸுல எழுதியிருக்கிறதையெல்லாம் ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்துட்டே போறேன் தெரியுமா? சரியா படிக்கறனா, சரியா படிக்கறனான்னு. எங்க நாத்தனார் மளிகைச் சீட்டை என்கிட்ட குடுக்கறதில்ல. 'உனக்கெதுக்கு, விடு'ங்கறா." அவள் குரல் ஏறியது. வாடிக்கையாளர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அவ கை போனதுக்கு நான்தான் காரணம்னு நெனச்சு நெனச்சு, அவ வீட்டுத் தெருவுக்குள்ளயே நான் போகல. நீங்க போயி பக்கத்துல உக்காந்து பாத்துட்டே வந்துட்டீங்க."

"ஆமா."

"இப்ப இங்க வந்து என் காதுல மட்டும் சொல்லிட்டா ஆச்சா? என்னைப் பத்தி எல்லாரும் எல்லார் முன்னாடியும்தானே பேசினாங்க? அங்க சொல்லுங்க."

நெட்டை திரும்பிக்கொண்டாள். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

வேலை நேரம் மாறுகிற வேளையில், இரண்டு அணியும் சாப்பாட்டு அறையில் கூடியிருக்கும்போது அட்டைக்கா எழுந்து நின்றாள். பேசத் தயார் செய்திருந்த வாசகமெல்லாம் மறந்துபோனது. "நெட்டைக்குப் படிக்கத் தெரியும். அந்தத் தகட்டை யாராலயும் படிச்சிருக்க முடியாது. அதைச் செஞ்சது நான். தெரிஞ்சேதான் செஞ்சேன், அழகா இருக்குன்னு" என்றாள். கைதட்டலும் இல்லை, வசவும் இல்லை. எங்கோ ஒரு கரண்டி கீழே விழுந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "நாங்க அப்பவே சொன்னோம்" என்றாள். பக்கத்திலிருந்தவள், "யாருகிட்ட சொன்ன? என்கிட்டத்தானே" என்றாள். சிலர் சிரித்தார்கள். பெரும்பாலோர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நெட்டையைப் பற்றி அதிகம் பேசிய கணக்கர் கைகழுவப் போய்விட்டார்.

ஆய்வாளர் வந்தபோது அதையே அவரிடமும் சொன்னாள். அவர் அறிக்கையில் தகடும் ஏறியது, ஒரே மாதிரிப் பொத்தான்களும் ஏறின, உருளைக்குள் கை போகாமல் தடுக்க இருந்து, எப்போதோ கழற்றிவைத்துவிட்ட கம்பியும் ஏறியது. முதலாளி அவளோடு பல நாள் பேசவில்லை. ஆனாலும் வேலையை விட்டு அனுப்பவில்லை. நெட்டையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கடையிலேயே இருந்துகொள்கிறேன் என்றுவிட்டாள். சின்னக்காவுக்குக் கட்டு பிரித்த பிறகு கிடங்கில் ஒரு வேலை தருவதாக ஒப்புக்கொண்டார்கள். தலையணை அட்டையில் அந்த எழுத்து இப்போதும் இருக்கிறது. அங்கே அது அழகாகவே இருக்கிறது. எழுத்துமேல் குற்றமில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை; குற்றத்தை வைக்க அவளைத் தவிர வேறு இடமில்லை என்றே அதற்கு அர்த்தம்.

சின்னக்காவை நேரில் பார்க்க அவளுக்குத் தைரியம் வருவதற்கு இன்னும் நாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளறையில் சின்னக்கா முக்காலியில் உட்கார்ந்திருக்க, நெட்டை பின்னால் நின்று அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"உள்ள வா" என்றாள் சின்னக்கா.

அவள் நின்றபடியே சொன்னாள். சின்னக்கா எல்லாம் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். இருந்தும் கடைசிவரை சொல்லவிட்டாள். சீப்பு முடிக்குள் இறங்குகிற சத்தம் மட்டும் நடுநடுவே கேட்டது.

"அன்னிக்கு நான் தகட்டைப் பத்திச் சொன்னப்ப உனக்குத் தெரியும்ல, அது உன் வேலைன்னு?"

"தெரியும்."

"தலைய ஆட்டின."

"ஆமா, சின்னக்கா."

"கை போச்சு, அது போகட்டும். அது யாரும் வேணும்னு பண்ணதில்ல. ஆனா உன் மூஞ்சியப் பாத்துட்டு, இவளாவது புரிஞ்சுக்கறாளேன்னு அன்னிக்கு முழுக்க நெனச்சுட்டிருந்தேன். அதுதான்..." இடது கையால் மடியில் விழுந்திருந்த ஒரு முடியை எடுத்து உதறினாள். "சரி. சொல்லிட்டல்ல."

அட்டைக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நெட்டை பின்னலைப் பாதியில் பிடித்துக்கொண்டு ரிப்பனைத் தேடினாள். அது கட்டிலின் மேல், அட்டைக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அவள் எடுத்து நீட்டினாள். நெட்டை அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள் சின்னக்கா. "காத்துல அடிச்சுக்குது."

சாத்திவிட்டு வந்தாள். படியில் இறங்கும்போது, உள்ளே நின்றுபோயிருந்த பேச்சு மறுபடி மெல்லத் தொடங்குவது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழுந்துவிடக் கூடாதே என்று வேகமாக இறங்கினாள்.